பின்னால் ஊதுகிறவன்

31 வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்காளனாக இருந்தவனுக்குக் கண்ணில் ஒரு கோளாறு ஒட்டிக்கொள்ளும். எதைக் கையில் எடுத்தாலும் ஆகச் சிறிய எழுத்தைத்தான் முதலில் படிப்பான். கலியாண அழைப்பிதழ் வந்தால் மணமக்களின் பெயருக்கு முன் அச்சகத்தின் முகவரி. மருந்துப் பெட்டி என்றால் காலாவதித் திகதி. 2022 மார்ச் மாதக் கடைசியில், கொழும்பில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமற் போன நாட்களில், லண்டனிலிருந்து வந்த மருமகள் கொண்டுவந்த இசைத்தட்டுப் பெட்டியையும் அப்படித்தான் திறந்தேன்: கைபேசி வெளிச்சத்தில், கடைசிப் பக்கத்திலிருந்து.

அந்தப் பெட்டி நான் கேட்டதல்ல. லயனல் ஹம்ப்டன் என்ற அமெரிக்க ஜாஸ் இசைக்காரரின் ‘ஸ்வீட்ஹார்ட்ஸ் ஒன் பரேட்’ என்ற பாட்டு இருக்கும் எந்தத் தட்டானாலும் பரவாயில்லை, வாங்கி வா என்றுதான் சொல்லியிருந்தேன். பழைய இசைத்தட்டு விற்கும் கடைக்காரர் இதை எடுத்துக் கொடுத்து, அந்தப் பாட்டு இதில் இருக்கிறது, கொண்டு போங்கள் என்றாராம். ஏழு சிடி, ஒரு பெரிய புத்தகம். மொசைக் என்ற அமெரிக்க நிறுவனம் 2007இல் வெளியிட்ட தொகுப்பு. அவர்கள் எண்ணி அச்சிடுகிறவர்கள், முடிந்தால் முடிந்ததுதான். அட்டையில் பெரிய எழுத்தில் சூ பெரி என்று எனக்குத் தெரியாத ஒரு பெயர். மருமகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேறு பெட்டியைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். சுவிட்டர்களுக்கு நடுவே பொத்திக் கொண்டுவந்த பிள்ளையின் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது?

பிறகு சிறிய எழுத்துக்குப் போனேன். 1939 ஏப்ரல், நியூயோர்க். லயனல் ஹம்ப்டன்: வைப்ரஃபோன், பாட்டு. கிளைட் ஹார்ட்: பியானோ. மில்ட் ஹின்டன்: பேஸ். கோசி கோல்: டிரம்ஸ். சூ பெரி: டெனர் சக்ஸபோன்.

அங்கேயே நின்றுவிட்டேன். அவன்தான் இவன். மாமாவின் தட்டில் பின்னால் ஊதுகிறவன்.

மாமாவின் தட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அம்மாவின் தம்பி, ஊர் அளவெட்டி. மேளக்காரர்களின் ஊர் என்பதால் நாயனத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவருடைய எண்ணம். துறைமுகத்தில் லிகிதர் வேலை. வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருந்தார். 1956க்குப் பின்னர் பறங்கியர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பம்பலப்பிட்டியில் அப்படி மெல்பனுக்குப் புறப்பட்ட ஒரு வீட்டில், தளபாடங்களை விற்ற கடைசி நாளில், சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்றையும் ஒரு மரப்பெட்டி நிறையத் தட்டுகளையும் மாமா வாங்கிவந்தார். கதிரை வாங்கப் போனவர். அம்மா அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினார்.

பெட்டியில் பெரும்பாலும் வோல்ட்ஸ் நடன இசையும் கிறிஸ்மஸ் பாட்டுகளுமாக இருந்தன. ஹம்ப்டனின் பெயர் போட்ட எச்.எம்.வி தட்டு ஒன்றே ஒன்றுதான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மாமா ஊசியை மாற்றிக்கொண்டிருப்பார். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. மாமா ஓர் ஊசியை நாலு பக்கத்துக்கு ஓட்டுவார். தட்டு அதனால்தான் கெட்டது என்று இப்போது தெரிகிறது.

பாட்டில் ஹம்ப்டன் உலோகக் கட்டைகளைத் தட்டுவார், நடுவில் பாடுவார். அதற்கெல்லாம் பின்னால் ஒரு சக்ஸபோன், தொடக்கத்திலிருந்து கிட்டத்தட்ட முடிவுவரை, ஓயாமல் சுருள் சுருளாக ஊதிக்கொண்டே இருக்கும். முன்னால் நிற்பவரை மறைக்காது, விடவும் செய்யாது. சந்தைக்குப் போகும் ஆளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே கதை சொல்கிறவனைப் போல. “இரண்டாவது நாயனக்காரன்தான் கச்சேரியைத் தூக்குகிறவன்” என்பார் மாமா. “முன்னால் நிற்கிறவனுக்கு மூச்சு வாங்கவாவது நேரம் கிடைக்கும். பின்னால் ஊதுகிறவனைப் பார், மூச்சை எங்கே எடுக்கிறான் என்று சொல், பார்ப்போம்.” நானும் காதைப் புனலோடு ஒட்டிவைத்துக் கேட்பேன். கண்டுபிடித்ததில்லை.

1963இல் டியூக் எலிங்டன் தன் முழுக் குழுவோடு கொழும்புக்கு வந்தபோது மாமா போய்க் கேட்டார். எனக்கு அப்போது ஆறு வயது, நினைவில்லை. பின்னாளில் அவர் சொல்லித்தான் தெரியும். டெனர் வாசித்தவர் பெயர் பால் கொன்சால்வெஸ். மாமா போனதற்குக் காரணமே, பின்னால் ஊதுகிறவன் அந்தக் கூட்டத்தில் இருப்பானோ என்று பார்ப்பதுதானாம். திரும்பிவந்து, “நல்லாய்த்தான் ஊதுகிறான், ஆனால் அவன் இல்லை” என்றாராம். அந்த ஆள் இறந்து அப்போது 22 வருடம் ஆகியிருந்தது என்பது மாமாவுக்கு எப்படித் தெரியும்?

1983 ஜூலையில் அந்த வீடு போனது. பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. அரக்கு எப்படி எரியும் என்று பாரதம் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் சில நாட்கள், பிறகு கப்பல், காங்கேசன்துறை. மாமா அங்கிருந்து கனடா. நான் மூன்று வருடத்தில் கொழும்புக்குத் திரும்பிவந்து பத்திரிகையில் சேர்ந்தேன்.

“இத்தனை வருடமாகத் தேடினீர்களா? இணையத்தில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாமே” என்று மகன் கேட்டான். கண்டுபிடித்திருக்கலாம்தான். பாட்டையே கைபேசியில் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஆனால் அந்த ஊதல்காரனுக்கு ஒரு பெயர் இருக்கும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. தட்டின் நடுவில் இருந்த சிவப்பு வட்டத்தில் ஹம்ப்டனின் பெயர் மட்டும் இருந்தது. என் மனத்திலும் அது மட்டுமே இருந்தது. மற்றவர்களின் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டாலும் சிவப்பு மையால் வட்டம் போடும் உத்தியோகம் பார்த்தவன் நான். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இனி அந்த ஆளைப் பற்றி. லியோன் பெரி, மேற்கு வேர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் 1908இல் பிறந்தவர். சூ என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். முதலில் அல்டோ சக்ஸபோன். டெனரில் பெரும் பெயர் பெற்ற கோல்மன் ஹோக்கின்ஸைக் கேட்டபின் டெனருக்கு மாறினார். 1930 அளவில் நியூயோர்க். பெனி கார்ட்டரின் குழு, டெடி ஹில்லின் குழு, 1936இல் பிளெச்சர் ஹென்டர்சனின் குழு, 1937இலிருந்து கடைசிவரை பாடகர் கெப் கலோவேயின் குழு. வேலை முழுவதும் பிறர் பெயரில் ஓடும் குழுக்களில்தான். இடையிடையே யார் கூப்பிட்டாலும் போய் ஒலிப்பதிவில் ஊதியிருக்கிறார். 1933 நவம்பரில் ப்ளூஸ் பாடகி பெஸி ஸ்மித் கடைசியாகப் பாடிப் பதிந்த நாலு பாட்டுகளிலும் இவர் இருக்கிறார். பின்னாளில் ஜாஸில் பெரும் பெயர் பெற்ற சார்லி பார்க்கர் 1938இல் பிறந்த தன் மகனின் பெயரில் லியோன் என்று சேர்த்தது இவரை நினைத்துத்தான்.

தன் சொந்தப் பெயரில் இவர் பதிந்தது எவ்வளவு தெரியுமா? நாலு நாள் வேலை. 1937இல் இரண்டு, 1938இல் ஒன்று, 1941இல் ஒன்று. நாளுக்கு நாலு பாட்டாக மொத்தம் 16 பக்கம். ஒரு சிடியில் அடங்கிவிடும். அடக்கி விற்றும் இருக்கிறார்கள். தலைவரின் பெயரை வைத்துத் தொகுத்தால் சூ பெரி என்பவர் ஒரு மணித்தியால மனிதர். அவர் ஊதிய இடங்களை எல்லாம் தேடித் தொகுத்தால் ஏழு சிடி. அப்படியும் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பது எங்கள் ஊர் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும், ஏனென்றால் இது காணிப் பிரச்சினை. ஒரு மனிதர் வாழ்ந்த வாழ்க்கை ஒன்று. ஒலிப்பதிவு நிறுவனங்களின் உறுதிப்படி அது துண்டு துண்டு. கலோவேயோடு ஊதியது கொலம்பியாவின் பங்கு. ஹம்ப்டனோடு ஊதியது விக்டரின் பங்கு. அந்த இரண்டும் ஆயுள் முழுக்கப் போட்டிக் கடைகள். 2004இல் இரண்டின் உரிமையாளர்களும் ஒன்றாகச் சேர்ந்ததால் நடுவேலி விழுந்தது. அதனால்தான் 2007இல் இப்படி ஒரு பெட்டி வர முடிந்தது. ஆனால் இவர் ஊதியதிலேயே ஆகச் சிறந்தது என்று நான் சொல்லத் துணிகிற நாலு பாட்டுகள் கொமடோர் என்ற சின்ன நிறுவனத்துக்கு, 1938 நவம்பரில் பதிந்தவை. அந்தக் கொமடோர் வேறொரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டது. ஏழு சிடிக்காணியை அளந்து கதியால் போட்டுப் பார்த்தால், நல்ல தண்ணீர்க் கிணறு வேலிக்கு அந்தப் பக்கம்.

அந்தக் கிணற்றுக்கு நான் வேலி பாய்ந்துதான் போனேன். எப்படி என்று கேட்க வேண்டாம். ரோய் எல்ட்ரிஜ் ட்ரம்பெட், கிளைட் ஹார்ட் பியானோ, டனி பார்க்கர் கிட்டார், சிட் கட்லெட் டிரம்ஸ். ‘சிட்டிங் இன்’ என்ற பாட்டின் தொடக்கத்தில் சூவும் ரோயும் இரண்டு வசனம் கதைக்கிறார்கள். அவருடைய பேச்சுக்குரலைக் கேட்டபோது உடம்பு ஒருகணம் சில்லிட்டது. நாயனத்தின் பின்னால் ஒரு மனிதக் குரல் இருக்கும் என்பதும் எனக்குத் தோன்றாமலே இருந்த இன்னொரு விஷயம்.

அதே நாளில் ‘பொடி அண்ட் சோல்’. இந்தப் பாட்டு என்றால் உலகம் ஹோக்கின்ஸைத்தான் சொல்லும். அவர் ஐரோப்பாவிலிருந்து திரும்பி 1939 ஒக்டோபர் 11இல் பதிந்தது. சூ பதிந்தது அதற்கு ஏறக்குறைய 11 மாதம் முன்னர். வழக்கமான 10 அங்குலத் தட்டில் மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். இது 12 அங்குலம், ஒரு நிமிடம் கூடக் கிடைக்கும். அந்த ஒரு நிமிடம் செய்யும் வேலை பெரிது. முதற் சுற்றை சூ அவசரமே இல்லாமல் ஊதுகிறார். மெட்டை உடைக்காமல் அதன் ஓரங்களை மட்டும் தடவிக்கொண்டு, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சுரத்தை விடாமல், விடுவதுபோல் காட்டிப் பிடித்து, அடுத்த வரிக்கு இழுத்துக்கொண்டு போகிறார். பிறகு ரோய் வந்து காலப்பிரமாணத்தை இரண்டு மடங்காக்குகிறார். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கோபம் வரும். இன்னும் ஒரு சுற்று இவரிடமே விட்டிருக்கலாம்.

ஹோக்கின்ஸ் பெரியவர், அதில் பேச்சில்லை. ஆனால் சூ பெரியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே ஹோக்கின்ஸின் நிழல் என்று எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஹோக்கின்ஸ் ஒரு பாட்டின் சுவர்களை ஒவ்வொரு செங்கல்லாகப் பிரித்துக் காட்டுகிறவர். சூ அப்படியல்ல. வேகமான பாட்டில் அவருக்குத் தண்டவாளம் போட்டுக் கொடுத்ததைப் போல ஒரே சீராக ஓடுவார், ஓட்டத்தில்தான் அழகு. குறையும் அங்கேதான்: சில பாட்டுகளில் நிற்க வேண்டிய நிலையத்திலும் நிற்காமல் ஓடிவிடுவார். கேட்கிற நமக்குத்தான் இறங்க நேரமில்லை. மெதுவான பாட்டில் சில வேளை குரலைக் குழைப்பது கூடிப்போய்த் தித்திப்புத் தட்டும். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன், மாமா கேட்ட கேள்விக்கு இப்போதும் விடை கிடைக்கவில்லை. இயர்போன் மாட்டிக் கேட்டும், மூச்சை எங்கே எடுக்கிறார் என்று பாதி இடங்களில் பிடிபடவில்லை.

கொமடோரை நடத்திய மில்ட் கேப்லர் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் உத்தியோகத்துக்கு நான் செய்யும் துரோகம். நியூயோர்க்கில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். பெரிய நிறுவனங்கள் பழையது என்று நிறுத்திவிட்ட ஜாஸ் தட்டுகளின் மூலத்தகடுகளைக் கேட்டு வாங்கி, 1935 அளவிலேயே மறுபதிப்புச் செய்து விற்கத் தொடங்கியவர். அப்படி விற்றபோது தட்டின் வட்டத்தில் குழுத் தலைவரின் பெயரோடு நிற்காமல், யார் யார் என்ன வாத்தியம் வாசித்தார்கள், எந்தத் திகதி என்று எல்லாவற்றையும் அச்சிட்டார். அதற்கு முன் அது வழக்கமில்லை. வெள்ளவத்தைக்கு வந்த அந்தத் தட்டை அவர் அச்சிட்டிருந்தால் மாமா 1963இல் வீணாகப் போய் நின்றிருக்கமாட்டார். சூவின் பாட்டுகளில் ஒன்றின் தலைப்பு ‘46 மேற்கு 52’. அது கேப்லரின் இன்னொரு கடையின் முகவரி. பாட்டுக்கு முகவரியைப் பெயராக வைக்கிற ஆள் எனக்கு உறவினர்போலத்தான்.

மறுபதிப்புகளைப் பற்றி எனக்கு வேறு முறைப்பாடுகளும் உண்டு. ஒரே பாட்டை அன்று இரண்டு மூன்று தடவை பதிந்திருந்தால் அவற்றை அடுத்தடுத்து வைத்துவிடும் பழக்கம் ஒன்று. ஆராய்ச்சிக்கு நல்லது, பிளேன்டீயோடு கேட்கிறவனுக்கு ஒரே வீட்டில் மூன்று தரம் விருந்து சாப்பிட்டதுபோல இருக்கும். மற்றது, மலிவுப் பதிப்புகள். இரைச்சலை வழித்தெடுக்கிறேன் என்று ஊதுகிறவரின் மூச்சையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். டெனர் சக்ஸபோனில் சுரம் பாதி, காற்று பாதி. காற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மோட்டார் சைக்கிள் ஹோர்ன். இந்தப் பெட்டியில் இரைச்சலைக் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள், கும்பிட வேண்டும். மின்வெட்டில் வீதியின் விளக்கெல்லாம் அணைந்து, காலி வீதிச் சத்தமும் ஓய்ந்தபின் கேட்டபோது, அந்த மெல்லிய இரைச்சல் கடல் பக்கத்திலிருந்து வருகிறதா இயர்போனிலிருந்து வருகிறதா என்று இரண்டு தடவை கழற்றிப் பார்த்தேன்.

கலோவே குழுவின் பதிவுகள்தான் பெட்டியில் அதிகம். ஒப்புக்கொள்கிறேன், அவற்றில் பாதியை நான் தாண்டிப் போகிறேன். கலோவே பாடுவார், கூத்தடிப்பார், நடுவில் எட்டு அளவு, அதாவது எட்டுத் தாளக் கட்டு, சூவுக்கு. மறுபடி கலோவே. சம்பளம் நல்லது, பயணம் சொகுசு என்பதால் குழுவில் இருந்தார்கள். ஆனால் அந்த எட்டு அளவை அவர் எங்கேயும் ஒப்பேற்றியதில்லை. மூன்றாம் பக்கத்து மூலையில் வரும் மரண அறிவித்தலையும் தலையங்கம் மாதிரியே ஒப்புநோக்க வேண்டும் என்பார் எங்கள் பழைய ஆசிரியர். அப்படி.

1940இல் ஒருமுறை கலோவே வாயை மூடிக்கொண்டு ஒரு முழுத் தட்டையும் இவருக்கே விட்டார். ‘கோஸ்ட் ஒஃப் எ சான்ஸ்’. மூன்று நிமிடமும் சூ பெரி முன்னால், குழு பின்னால். மூன்று வருடம் பின்னால் நின்றவருக்கு. அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை குறைவு, கேளுங்கள்.

1941 ஒக்டோபர் 27. குழு ஒஹையோவில் ஓரிடத்தில் வாசித்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டது. சூவும் இன்னும் இருவரும் காரில் போனார்கள். கடும் பனிமூட்டம், கார் வழுக்கிப் பாலத்தில் மோதியது. மற்றவர்கள் தப்பினார்கள். மூன்று நாள் கழித்து, 30ஆம் திகதி, கொனியோட் என்ற சிற்றூரில் இவர் இறந்தார். வயது 33. தன் பெயரில் பதிந்த கடைசி நாலு பாட்டுகளுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மாதம்கூட முழுதாக இருந்திருக்குமோ என்னவோ. அவர்கள் போய்க்கொண்டிருந்த அடுத்த ஊர் டொரன்டோ.

மாமா இருப்பது அங்கேதான், ஸ்காபரோவில். 92 வயது. காது ஒன்று போய்விட்டது, மற்றது ஆட்களைப் பொறுத்துக் கேட்கும். மின்சாரம் வந்த ஒரு மாலையில், அங்கே காலை, மாமாவின் மகளிடம் சொல்லிக் கைபேசியை அவருடைய நல்ல காதில் வைக்கச் சொன்னேன்.

“மாமா, பின்னால் ஊதுகிறவனின் பெயர் கிடைத்துவிட்டது” என்றேன்.

“எவன்?”

பெயரைச் சொல்லவில்லை. பாட்டைப் போட்டேன். முழுவதும் கேட்டார், மூன்று நிமிடமும் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. முடிந்ததும், அழுவார் என்று நான் அரைகுறையாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், “இது வேறு ஆள்” என்றார்.

“அதே தட்டுத்தான் மாமா. 1939.”

“தம்பி, நீ எனக்குச் சொல்லித் தராதே. இவன் பெடியன், அவசரப்படுகிறான். எங்களுடையவன் பெரிய ஆள். குரல் இன்னும் கீழே. வயிற்றிலிருந்து ஊதுவான்.”

இரண்டு நாள் மண்டையைக் குடைந்தபின் விளங்கியது. தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கள் கிராமபோன் மெல்பனுக்குப் போன வீட்டிலேயே இருபது வருடம் உழைத்துவிட்டு வந்தது. சுருள்வில் தளர்ந்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி தேய்ந்து, அது ஒருநாளும் 78ஐ எட்டியிருக்காது. மெதுவாகச் சுற்றினால் சுருதியும் இறங்கும். மாமா இருபது வருடமாகக் கேட்டது, நானும் கேட்டதுதான், அரைச் சுருதி இறங்கிய சூ பெரியை. அமெரிக்காவில் ஆராய்ந்து சரியான வேகத்தில் கொடுத்திருக்கிறார்கள். சரியானதுதான் மாமாவுக்குப் பிழை.

மகன் கணினியில் ஒரு மென்பொருளைத் திறந்து தந்தான். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். 76இல் ஒன்றுமில்லை. 75இல் ஏதோ அசைந்தது. 74க்குக் கீழே, 73க்குக் கொஞ்சம் மேலே வந்தபோது சப்பாத்துக் கழற்றுகிற பையனின் காலில் ஈரக் காலுறை ஒட்டிய உணர்வு வந்தது. அங்கே நிறுத்தினேன். அதைச் சேமித்து, கோப்புக்கு வெள்ளவத்தைப் பதிப்பு என்று பெயர் வைத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

“இவன்தான்” என்றார் மாமா. “இவனுடைய பெயர் என்ன என்றாய்?”

சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பெரிய பெயராக இல்லையே என்றார். பிறகு, “மறுபக்கம் எங்கே?” என்று கேட்டார்.

மறுபக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன். அதில் நடுவில் ஒரு கீறல். ஊசி அந்த இடத்துக்கு வந்ததும் அதே நாலு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும், மாமா எழும்பிப் போய்க் கையைத் தூக்குவார். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. என்ன தலைப்பு என்றும் நினைவில்லை. ஏப்ரல் 1939க்குக் கீழே ஹம்ப்டனின் பெயரில் பல பாட்டுகள் இருக்கின்றன, எதை என்று போடுவது என்றேன்.

“பொறு” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, நாயனக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாடம் சொல்வதுபோல், அந்தக் கீறலில் சிக்கிய நாலு சுரத்தையும் மாமா தன்னானவில் பாடிக் காட்டத் தொடங்கினார். நான் சிறிய எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தேன்.